ஓய்வில் உதிரும் பூச்சு

‘உலோகச் சோர்வு’ என்ற கலைச்சொல் தமிழில் நிலைத்துவிட்டது. ஓய்வெடுத்தால் சோர்வு நீங்கும் என்பது மனிதரின் பட்டறிவு. விமான எஞ்சினின் டர்பைன் இறகுகளைக் காக்கும் பீங்கான் பூச்சுக்கோ பெரும்பாலும் ஓய்வே கேடாகிறது.

நிக்கல் உலோகக்கலவையாலான இறகின்மேல் முதலில் ஒரு பிணைப்புப் பூச்சு. அதன்மேல், எடையில் 7 முதல் 8 விழுக்காடு இட்ரியா கலந்த சிர்க்கோனியா. இவ்விரண்டுக்கும் இடையில் எவரும் பூசாத மூன்றாம் படலம் ஒன்று தானே வளர்கிறது. பிணைப்புப் பூச்சிலுள்ள அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாகும் அலுமினா அது. அதன் தடிமன் சில மைக்ரோமீட்டரே. எஞ்சின் நின்று குளிரும்போது அடியிலுள்ள உலோகம் மிகுதியாகச் சுருங்குகிறது. அந்த அளவுக்குச் சுருங்க இயலாத அலுமினா நெரிபடுகிறது. அதிலெழும் அழுத்தம் 3 கிகாபாஸ்கலைத் தாண்டுவதுண்டு. மீண்டும் சூடு, மீண்டும் குளிர். படலம் நெளிகிறது, நுண்விரிசல்கள் ஒன்றோடொன்று இணைகின்றன, ஒருநாள் பீங்கான் செதிலாகப் பெயர்கிறது. சோதனை முடிந்து மேசைமேல் வைக்கப்பட்ட மாதிரிகள், சில மணி நேரம் கழித்துக் காற்றின் ஈரம் பட்டே உதிர்ந்ததும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

ஆகவே, ‘இத்தனை ஆயிரம் மணி நேரம் தாங்கும்’ என்ற கூற்று, எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதைச் சொல்லாதவரை அரைகுறையானது. மணிக்கணக்கு வீண் என்பதன்று. அலுமினா தடிப்பது சூட்டில் கழியும் நேரத்தால்தான். ஆனால் கண்டம் கடக்கும் விமானம் ஒருமுறை ஏறி இறங்கும் 12 மணி நேரத்தில், குறுந்தொலைவு உள்நாட்டு விமானம் ஐந்தாறு முறை ஏறி இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்குத் தூசு. கால்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகள் கலந்த மணல்தூசு ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் கண்ணாடிபோல் உருகிப் பீங்கானின் நுண்துளைகளுள் புகுகிறது. ஆறும்போது அங்கேயே உறைகிறது. நெகிழ இடந்தந்தவை அத்துளைகளே. அவை அடைபட்டபின் பூச்சு விறைத்து, அடுத்தடுத்த குளிர்ச்சிகளில் அடுக்கடுக்காகப் பெயர்கிறது.

காவேரி எஞ்சின் திட்டம் 1989இல் ஒப்புதல் பெற்றது. அன்றுமுதல் உள்நாட்டு எஞ்சின் பற்றிய பொதுவெளிப் பேச்சு உந்துவிசையையும் ஒற்றைப்படிக இறகையுமே சுற்றி வருகிறது. பூச்சு பேசப்படுவது அரிது. இறகைச் சூழும் வாயுவோ அவ்வுலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சும் சூடுடையது. உட்செலுத்தப்படும் குளிர்காற்றும் இந்த மெல்லிய பீங்கானுமே அதைக் காக்கின்றன. இந்நாட்டின் மணலையே தூவி, சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றும் சோதனைகளுக்குத் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். முடிவுகளும் மணிக்கணக்கோடு நில்லாமல், எத்தனை சுற்று, எத்தனை டிகிரி, எந்தத் தூசு என்ற விவரத்தோடு வெளிவர வேண்டும்.