சார்ஜ்ஷீட் வந்தாச்சு, ஆனா விசாரணை? உபா வழக்குகளில் காலம் நிற்கும் இடம்

குற்றச்சாட்டே இல்லாமல் ஒருவரைக் காலவரையின்றிச் சிறையில் வைக்க முடியுமா? இந்தியாவில் முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைதான ரோனா வில்சன், சுதிர் தவாலே இருவருக்கும் பாம்பே உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில்தான் ஜாமீன் கொடுத்தது. ஆறரை ஆண்டுகள். அன்றைக்கும் அவர்கள் மீது நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்திருக்கவில்லை. விசாரிக்க வேண்டிய சாட்சிகளோ 300-க்கும் மேல்.

இது எப்படி நடக்கிறது?

செய்திகளில் கலந்தே வரும் இரண்டு வார்த்தைகளை முதலில் பிரித்துப் பார்க்கணும். குற்றப்பத்திரிகை, அதாவது சார்ஜ்ஷீட், விசாரணை அமைப்பு தாக்கல் செய்வது. குற்றச்சாட்டு பதிவு என்பது வேறு. இரு தரப்பு வாதத்தையும் கேட்டபின், 'இந்தக் குற்றங்களுக்காக உங்களை விசாரிக்கப் போகிறோம்' என்று நீதிபதி எழுதுவது. சாட்சி விசாரணை அதற்குப் பிறகுதான்.

சட்டத்தின் கறாரான கெடு முதலாவதற்கு மட்டும்தான். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் (உபா) அந்த 90 நாளை 180 வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். இந்தக் கெடு வெறும் சம்பிரதாயம் இல்லை. நீட்டிப்பு கொடுத்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்பதால்தான் 2021 டிசம்பரில் சுதா பரத்வாஜுக்கு ஜாமீன் கிடைத்தது.

சரி, சார்ஜ்ஷீட் நேரத்துக்கு வந்துவிட்டால்? அங்கேதான் சிக்கல். குற்றச்சாட்டு முகாந்திரத்தில் உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் தரக்கூடாது என்கிறது உபாவின் 43டி(5) பிரிவு. அதை முடிவு செய்யும்போது ஆதாரங்களை ஆழமாக எடைபோடக் கூடாது என்று 2019-ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஆதாரம் நிற்குமா என்பதை விசாரணையில்தான் சோதிக்க முடியும். விசாரணை தொடங்க குற்றச்சாட்டு பதிவாகணும். அது பதிவாகும்வரை உள்ளேதான்.

புதிய பிஎன்எஸ்எஸ் சட்டம், முதல் வாதம் தொடங்கி 60 நாளில் குற்றச்சாட்டைப் பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தவறினால் ஜாமீன் என்று அதில் இல்லை. விலை இல்லாத கெடுவை யார் பயந்து கடைப்பிடிப்பார்கள்? தாமதத்துக்குக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் போடும் மனுக்களும் காரணம் என்பது அரசுத் தரப்பு வாதம். ஓரளவு உண்மை. ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்களில் வரும் குற்றப்பத்திரிகைக்கு, மனு போடாமல் எப்படிப் பதில் சொல்வது?

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே வேலை செய்த ஸ்டான் சுவாமியும் இதே வழக்கில்தான் 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணையின்போதுதான் அவர் இறந்த தகவல் நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. வயது 84. அவர் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவே இல்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

2016 முதல் 2019 வரை உபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இதை வகுத்து 'தண்டனை விகிதம் 2 சதவீதம்' என்று பகிர்பவர்கள் உண்டு. அது தப்பு. 2019-ல் கைதானவரின் வழக்கு அதே ஆண்டில் முடியாது. இரண்டும் ஒரே ஆட்களின் கணக்கு அல்ல. உண்மையில் தேவைப்படுவது, கைதுக்கும் குற்றச்சாட்டு பதிவுக்கும் நடுவே கழிந்த நாட்களின் கணக்கு. இந்தப் பதிலில் அது இல்லை.

இப்போதைக்கு இருக்கும் ஒரு வாசல், 2021-ல் வந்த நஜீப் தீர்ப்பு. ஐந்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்தவர், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். எத்தனை ஆண்டு ஆனால் போதும் என்று எண் எதையும் அது வைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில் நஜீப் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு ஜாமீனை மறுத்தது.