'என் உடம்பு'ன்னு சொல்றது யாரு?

போன வாரம் நம்ம தஞ்சோங் கிளிங்ல வீட்டுக்கு வந்த ஊழியக்காரர் ஒருத்தர், நம்ம பையன் ஒருத்தன்கிட்ட கேட்டாராம்: "மனுஷன்னா ஆவி, ஆத்துமா, சரீரம்னு மூணு. உங்க சமயத்துல இதெல்லாம் இருக்கா?" பையன் முழிச்சிருக்கான்.

அவர் சொன்னது பைபிள்ல, 1 தெசலோனிக்கேயர் 5:23-ல இருக்கு. ஆனா மனுஷன் மூணா, ரெண்டாங்கிறதுல கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

நமக்கோ 13ஆம் நூற்றாண்டுலயே மெய்கண்டார் சிவஞானபோதத்துல பதில் வெச்சிருக்கார். 'என் கை, என் உடம்பு'ன்னு சொல்றோமே, அப்படிச் சொல்றது உடம்பு இல்லை, உயிர். அவங்கள்ல பலர் ஆத்துமான்னு விளக்குற மனசும் அறிவும் நமக்கு அந்தக்கரணம். அதாவது உயிருக்குக் கருவி, உயிர் இல்லை. உயிரை யாரும் படைக்கவும் இல்லை. பதியைப் போலவே அதுவும் அநாதி.

அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவங்க ஞாயிறு பள்ளி நடத்துறாங்க. நாம? திருவிழாவுல பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அள்ளிக் கொடுக்கிறோம்; சமய வகுப்புன்னா தலையைச் சொறியிறோம்!

சிவஞானபோதம் மொத்தம் 12 சூத்திரம்தான். வாரம் ஒண்ணுன்னா மூணே மாசம். இந்த வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் பிள்ளைகளை மண்டபத்துல உட்கார வைங்க. அடுத்த தடவை நம்ம பையன் முழிக்கக்கூடாது.

திருச்சிற்றம்பலம்.