பெயருக்கு விலை கோடி, கணக்கு எங்கே?

ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டை திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? தரம் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், எண் இடுவார்கள், பிறகு ஏலம். எடுத்தவர் யார், என்ன விலைக்கு எடுத்தார் என்பதெல்லாம் வனத்துறையின் ஏட்டிலே ஏறும். "என் கட்டை ஒரு கோடிக்குப் போயிற்று" என்று ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொன்னால் ஊர் ஏற்குமா? சீட்டைக் காட்டு என்றுதான் கேட்கும்.

அதே மலையில் விளையும் சாமையையும், எடுக்கும் தேனையும் இணையத்தில் விற்க ஒரு சங்கத்தார் முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு முகவரி வேண்டும். டொமைன் பெயர் என்கிறார்களே, அது. எவரும் எடுக்காத பெயரென்றால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால், நல்ல பெயர்களையெல்லாம் முன்கூட்டியே மடக்கி வைத்திருக்கும் வணிகர் கூட்டம் ஒன்று உண்டே! அவர்களிடம் போனால் பல லட்சம் என்பார்கள். ஏன் ஐயா இவ்வளவு என்றால், "இதைப் போன்ற பெயர்கள் எத்தனை கோடிக்குப் போயின தெரியுமா?" என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள்.

அந்தப் பட்டியலைத்தான் நாம் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

'வாய்ஸ் டாட் காம்' 2019இல் 3 கோடி டாலருக்கு விற்றது. இது மெய். விற்ற நிறுவனம் பங்குச் சந்தையில் இருப்பது. விற்ற தொகையை ஊரறிய அறிவித்தது. 'லாஸ்வேகாஸ் டாட் காம்' 9 கோடி டாலராம்! ஆவணத்தைப் பிரித்தால் கதை வேறு. 2005இல் முன்பணமாகத் தந்தது 1.2 கோடி டாலர். மிச்சம் 2040 வரை நீளும் மாதத் தவணை. முப்பத்தைந்து ஆண்டுத் தவணையைக் கூட்டி ஒரே விலையாகச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு? 'கார்ஸ் டாட் காம்' 87.2 கோடி டாலர் என்பது இன்னும் வேடிக்கை. அந்தப் பெயரைத் தனியாக எவரும் விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. 2014இல் கானெட் நிறுவனம் அந்த வணிகம் முழுவதையும் தனதாக்கியபோது, கணக்கர்கள் பெயருக்கென்று எழுதிய மதிப்பு அது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024 அக்டோபரில் 'ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்' பெயரை முன்னரே பதிந்து வைத்திருந்த டில்லி இளைஞர் ஒருவர், தம் மேற்படிப்புக்காக ரிலையன்ஸிடம் 93,345 பவுன் கேட்டார். ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். ஏடுகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. கேட்டதுதான் ஒரு கோடி; எவரும் கொடுத்ததில்லை. பின்னர் அப்பெயர் துபாயில் இருந்த இரு சிறார் கைக்குப் போயிற்று. அவர்களோ சும்மாவே தருகிறோம் என்றார்கள்! ஒரே பெயர், சில வாரங்களில் கோடியும் அதுதான், சுழியும் அதுதான். பிறர் வணிகப் பெயரை முன்னே பதிந்து வைப்பவருக்குச் சட்டமும் துணை நிற்காது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய காப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே, சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது.

விற்பனை மெய்தானா என்று சோதிக்க முன்பு ஒரு வழி இருந்தது: பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாறியதா என்று பார்க்கலாம். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், பெரும்பாலான பதிவுகளில் பெயர் மறைக்கப்படுகிறது. இதில் புகுந்து விளையாட எவ்வளவு இடம்! தன் மாட்டைத் தானே ஏலம் கேட்டு, தானே எடுத்து, "பாருங்கள் சந்தை விலையை" என்று மற்ற மாடுகளுக்கு விலை ஏற்றலாம். பெயர் விற்கும் நிறுவனங்களே மதிப்புச் சொல்லும் எந்திரமும் வைத்திருக்கின்றன. அது எதைப் பார்த்துச் சொல்கிறது? வெளிவந்த பழைய விற்பனை விலைகளைப் பார்த்து. பொய் விலை அதில் ஒன்று புகுந்தால், மறுநாள் அதுவே மதிப்பீடாகத் திரும்பி வரும்!

'டாட் இன்' முகவரிகள் எவருடைய தனிச் சொத்துமல்ல. 2005 முதல் அவற்றை நடத்தி வருவது, 2003இல் அரசின் முயற்சியால் அமைந்த, இலாப நோக்கற்ற நிக்சி நிறுவனம். ஒரு சென்ட் நிலம் கைமாறினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிகிறோம். அரசு வழிகாட்டி மதிப்பும் வைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் ஒரு 'டாட் இன்' பெயர் கைமாறினால், பணம் செலுத்திய சான்றோடு தொகையைப் பதிய வேண்டும் என்று நிக்சி விதி செய்யட்டும். பெயர், நாள், தொகை இம்மூன்றையும் வெளியிட்டால் போதும். வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பது நமக்கு வேண்டாம். தவணையா, ரொக்கமா, வணிகத்தோடு சேர்ந்த விற்பனையா என்பதையும் பக்கத்திலே குறிக்கட்டும்.

வணிக இரகசியம் போய்விடும் என்று அலறுவார்கள். இரகசியமாக இருக்க வேண்டிய விலை என்றால், அதை ஏன் பட்டியலாக அச்சடித்து நம் சங்கத்தாரிடம் நீட்டுகிறார்கள்?