சிபில் ஸ்கோர் நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல

‘மச்சி, கார்டு லிமிட்டை ஏத்திக்கோ, ஸ்கோர் தானா ஏறும்.’ ஐடி அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சீனியர்கள் சொல்லும் வேதவாக்கு இது. கணக்கில் தப்பில்லை. ஒரு லட்சம் லிமிட்டில் மாதம் அறுபதாயிரம் செலவழித்தால் பயன்பாடு 60%. லிமிட் இரண்டு லட்சமானால் அதே செலவு 30%. ஸ்கோர் ஏறக்கூடும். ஆனால் பையன் மாறிவிட்டானா? சம்பளம் அதே, செலவு அதே, நாணயமும் அதே. வங்கி அவனுக்கு நீட்டும் கடன் மட்டும்தான் இரட்டிப்பானது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு எண்ணைக் காட்டினால், அதற்குள் என்ன போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். 300 முதல் 900 வரை போகும் சிபில் எண்ணுக்குள் போவது கடன் பேரேடு மட்டுமே: தவணையை எப்போது கட்டினோம், லிமிட்டில் எவ்வளவு தொட்டோம், கணக்கு எத்தனை வருடம் பழசு, புதுக் கடனுக்கு எத்தனை முறை விண்ணப்பித்தோம். சம்பளம் இல்லை, சேமிப்பு இல்லை. இருபது வருடம் வாடகை பாக்கி வைக்காதவர், தெருச் சீட்டில் ஒரு மாதம்கூடத் தவறாதவர், கடனே வாங்காமல் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், இவர்களெல்லாம் அதன் கண்ணில் வரலாறே இல்லாதவர்கள். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கோ, மச்சான் தவணையை விட்டால் அடி இவர் மேலும் விழும்.

முன்பின் தெரியாதவருக்குக் கடன் கொடுக்க ஓர் அளவுகோல் வேண்டாமா? வேண்டும். சாதி, சிபாரிசு, மேனேஜரின் முகதாட்சண்யம் ஆகியவற்றைவிட ஒரு எண் எவ்வளவோ மேல். அந்த எண் கடன் பிரிவின் வாசலைத் தாண்டி வெளியே நடமாடுவதோடுதான் என் சண்டை. கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவருடைய பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் அது சரியென்றது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது வாதம். தவணை தவறியது சூதாட்டத்தாலா, அப்பாவின் ஆபரேஷனாலா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாதே! வேலை கிடைத்தால்தான் பாக்கியைக் கட்டலாம். பாக்கி இருந்ததால் வேலை கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

ஒழுக்கம் பேசும் இதே அமைப்பு ‘மினிமம் டியூ’வையும் நீட்டுகிறது. ஒரு லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5% என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,500, அதன்மேல் ஜிஎஸ்டி 630. மினிமம் ஐயாயிரம் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். அதையே மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர் ஏட்டில் தவணை தவறாதவர், நிஜத்தில் மூழ்கிக்கொண்டிருப்பவர். அவரிடம் போய் ‘லிமிட்டை ஏத்திக்கோ’ என்பது அறிவுரையா?

முழு பில்லையும் கட்ட முடிகிறவர் லிமிட்டை ஏற்றிக்கொள்ளட்டும். முடியாதவர் மறுக்கலாம்; சம்மதமில்லாமல் ஏற்றக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம், வாங்கிப் பாருங்கள். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அந்த எண் நமக்குக் கடன் கொடுப்பதில் உள்ள ஆபத்தைச் சொல்லட்டும், அதற்குத்தான் அது பிறந்தது. நாம் யோக்கியமா என்று சொல்லும் வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.