வேணும்னு நிக்கலைன்னா விட்டுடலாமா அம்பயர் சார்?

முதலில் ஒரு காட்சி. இரண்டாவது பேஸைத் தாண்டி மூன்றாவதை நோக்கி ஒரு பெண் ஓடுகிறார். பந்து இன்னும் லெஃப்ட் ஃபீல்டில் உருண்டுகொண்டிருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் கையில் பந்து இல்லை, ஆனால் பாதையில் நிற்கிறார். ஓடுகிறவர் மோதாமல் வளைந்து போகிறார். மயிரிழையில் அவுட். கேட்டால் அம்பயர் சொல்கிறார்: "அந்தப் பொண்ணு வேணும்னு நிக்கலையேம்மா. இடிக்கக்கூட இல்லையே!"

எங்கள் கல்லூரி சாஃப்ட்பால் அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவன் நான். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரே வசனத்தில் இரண்டு தப்பு.

தப்பு ஒன்று: விதி மனசைப் பார்ப்பதில்லை. கையில் பந்து இல்லாத, அடித்த பந்தை எடுக்கும் முயற்சியிலும் இல்லாத ஃபீல்டர், ஓடுகிறவரைத் தடுத்தால் அது அப்ஸ்ட்ரக்ஷன். அவ்வளவுதான். தப்பு இரண்டு: மோதல் தேவையே இல்லை. வேகம் குறைந்தாலோ, பாதை மாறினாலோ போதும். பந்து இல்லாமலே டேக் செய்வதுபோல் பாவனை காட்டுவதும் இதில் சேர்த்தி.

பேஸ்பாலிலும் இதே கதைதான். 2013 வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம். பாஸ்டனின் மிடில்புரூக்ஸ் தவறிப்போன எறிதலுக்குப் பாய்ந்து தரையில் கிடக்கிறார். செயின்ட் லூயிஸின் ஆலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடுகிறார். மூன்றாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்ஷன் என்றார். ரன் கொடுத்தார்கள், 5-4 என்று ஆட்டமே முடிந்தது. வேண்டுமென்றா கிடந்தார் என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை.

அப்படியென்றால் அம்பயர் என்ன செய்யணும்? தடுத்த கணமே இடது கையை நீட்டணும். ஆட்டத்தை உடனே நிறுத்தக் கூடாது, ஓட விடணும். முடிந்த பிறகு ஒரே கேள்வி: தடை இல்லாவிட்டால் இவர் எந்த பேஸை அடைந்திருப்பார்? அதைக் கொடுத்துவிடணும்.

"அது வெறும் ஊகம்தானே?" என்பார்கள். பி.காம் மக்களே, பிசினஸ் லா ஞாபகம் இருக்கா? 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73. ஒப்பந்தத்தை மீறியவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமல், மீறலால் இயல்பாக வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கிறோம். அந்த நஷ்டமும் கணிப்புதான். கணிப்பது கஷ்டம் என்று ஈடே கிடையாது என்றா சொல்கிறோம்? ஓடுகிறவரின் வேகம், பந்து இருந்த இடம் இரண்டையும் பார்த்தால் 60 அடி தூரத்துக்குக் கணக்குப் போட முடியாதா?

"இப்படிக் கொடுத்தால் ஓடுகிறவர்கள் வேண்டுமென்றே போய் இடிப்பார்களே?" மாட்டார்கள். முரட்டுத்தனமாக மோதினால் அவரையே வெளியேற்ற விதி இருக்கிறது. அடித்த பந்தை எடுக்கும் ஃபீல்டருக்குக் குறுக்கே போனால் ஓடுகிறவர்தான் அவுட். பேஸைத் தொடாமல் விட்டாலும் பாதுகாப்பு கிடையாது. தராசு இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருக்கிறது.

உண்மையில் நீங்கள் கை நீட்டாததால் நஷ்டப்படுவது யார் தெரியுமா? மோதாமல் விலகி ஓடிய அந்தப் பெண்தான். இடித்திருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பீர்கள். ஒழுங்காக ஆடினவருக்கு அவுட் கொடுத்தால், அடுத்த மேட்சில் அவர் என்ன கற்றுக்கொண்டு வருவார்?

கையை நீட்டுங்க சார். ஸ்கோர் நோட்டில் நான் சரியாக எழுதிக்கொள்கிறேன்.