திருடனாக இருக்கவும் ஒரு தகுதி வேண்டும்

கற்பனை உலக ரோல்-பிளேயிங் கேம் எதைத் தொடங்கினாலும் நான் தேர்ந்தெடுப்பது ரோக் வகுப்பைத்தான். போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, பாலடின் எனப்படும் புனிதப் படைவீரன் என்று வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே தோல் கவசமும் குத்துவாளும் பூட்டுத் திறக்கும் கம்பிகளுமாக ஒருவன் நிற்பான். திருடன், ஒற்றன், போக்கிரி எல்லாம் அவனே. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட பல்டர்ஸ் கேட் 3இல் இப்படிப் பன்னிரண்டு வகுப்புகள் உண்டு. அதிலும் என் கை அவனிடமே போனது. நேருக்கு நேர் நின்று அடிவாங்க அவனுக்கு உடம்பு கிடையாது. ஆனால் எதிராளி பார்க்காத கோணத்திலிருந்து அவன் கொடுக்கும் ஒரே அடி, போர்வீரன் கொடுக்கும் மூன்று அடிக்குச் சமம். பூட்டிய கதவு அவனுக்குக் கதவே இல்லை. மூளையை நம்பி விளையாட விரும்புகிறவர்களுக்கான வகுப்பு அது.

விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஒருவர், படித்தவர், முற்போக்கு பேசுகிறவர், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கென்னப்பா, இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குமே." நான் குறவர் சமூகத்தில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியும். கேலிதான், பகை எதுவும் இல்லை. அவரும் ரோக் விளையாடுகிறவர்தான், என்னைவிட நன்றாகவே விளையாடுவார். அவர் விளையாடினால் அது ரசனை, உத்தி, கொஞ்சம் குறும்பு. நான் விளையாடினால் அது ரத்தம். இந்த வேறுபாடு அவருடைய தனிப்பட்ட கண்டுபிடிப்பு அல்ல என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டுகளின் விதைநெல் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காகிதம், பென்சில், பகடை வைத்து ஆடுவது. அதில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று ரேஸ், அதாவது பிறப்பு: மனிதன், எல்ஃப், குள்ளன், ஹாபிட். இன்னொன்று கிளாஸ், அதாவது தொழில். தமிழில் இதை வகுப்பு என்றுதான் சொல்ல முடிகிறது. நம் ஊரில் வகுப்புவாரி உரிமை என்ற சொல்லில் வகுப்பு என்பதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். தொழிலுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே சாதியின் பெயராகவும் இருக்கிறது. அதனால் இந்த இரண்டு கட்டங்களையும் பார்க்கும்போது நமக்கு வரும் சந்தேகம் அமெரிக்கச் சிறுவனுக்கு வந்திருக்காது.

அந்த 1974ஆம் ஆண்டு விதிப்படி ஹாபிட்டாகப் பிறந்தவன் போர்வீரனாக மட்டுமே ஆகலாம், அதுவும் நான்காவது லெவலுக்கு மேல் ஏற முடியாது. எத்தனை பூதங்களைக் கொன்றாலும் அவனுக்கு அதுதான் உச்சி. மனிதனுக்கு அப்படி எந்தக் கூரையும் இல்லை. அடுத்த ஆண்டு, 1975இல், கிரேஹாக் என்ற இணைப்புப் புத்தகத்தில் திருடன் என்ற புதிய வகுப்பைச் சேர்த்தார்கள். ஹாபிட்டுக்கு அந்த ஒரு வகுப்பில் மட்டும் வரம்பே வைக்கவில்லை. திருட்டில் நீ எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம், போ! 1978இல் வந்த கையேட்டில் பாலடின் ஆகும் உரிமை மனிதனுக்கு மட்டுமே என்று அச்சிட்டிருந்தார்கள். புனிதம் ஒரு பிறப்புக்கு, பூட்டு உடைப்பது இன்னொரு பிறப்புக்கு. இதை எழுதியவர்கள் மனுவைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிறப்பை வைத்து வேலை பிரிக்க உட்கார்ந்தால் யார் கையிலும் இப்படியொரு அட்டவணைதான் வரும்.

இதில் வேடிக்கை, அந்த ஹாபிட் திருடனின் மூலவர் டோல்கினின் 1937ஆம் ஆண்டு நாவலில் வரும் பில்போ. வசதியான வீடு, நிறைந்த சமையலறை, ஊரில் மரியாதை உள்ள கனவான். குள்ளர்கள் வந்து ஒப்பந்தம் போட்டுத் திருடனாக வேலைக்கு அமர்த்துகிறார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். பல்டர்ஸ் கேட் 3இல் ரசிகர்கள் உருகி உருகிக் காதலிக்கும் ரோக் ஆஸ்டாரியன். அவனும் முன்னாளில் அந்த நகரத்தின் நீதிபதி! கொண்டாடப்படுகிற திருடனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடும், முன்னால் ஒரு பதவியும் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

2011இல் வந்த ஸ்கைரிம் விளையாடிய யாருக்கும் காஜீத்களைத் தெரியும். பூனை முகம் கொண்ட வணிகர்கள். திருடர்கள், போதைப்பொருள் கடத்துகிறவர்கள் என்று சொல்லி அவர்களின் வண்டிக்கூட்டத்தை நகரத்துக்குள் விடமாட்டார்கள். மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டுத்தான் வியாபாரம். கதை இதை அநியாயம் என்றே காட்டுகிறது, அவர்கள் வாயாலேயே புலம்பவும் வைக்கிறது. சரி, நீங்கள் காஜீத்தாகப் பிறக்க முடிவு செய்தால் கேம் உங்களுக்குத் தொடக்கத்திலேயே தருவது என்ன? ஒளிந்து நடப்பதில் பத்துப் புள்ளி கூடுதல். பூட்டுத் திறப்பதிலும் பிக்பாக்கெட் அடிப்பதிலும் ஐந்தைந்து புள்ளி கூடுதல். வசனத்தில் தப்பெண்ணம் என்று கண்டித்ததை அட்டவணையில் உண்மை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். இன்னொன்றும் உண்டு. விளையாடுகிற காஜீத் நகர வாசலில் சரளமாக உள்ளே போகலாம். கதாநாயகன் அல்லவா! மதிலுக்கு வெளியே நிற்பவர்கள் மற்ற காஜீத்கள்தான்.

இப்போது இன்னொரு அட்டவணைக்கு வருகிறேன். 1871ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம். அந்த மசோதாவுக்கு ஆதரவாக ஆங்கிலேய ஆட்சியாளர்கள் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகனும் திருடனாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் இதைத் தன் மூளையிலிருந்து எடுக்கவில்லை. பார்ப்பனியம் ஆயிரம் ஆண்டுகளாக எழுதி வைத்த விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அதில் ஒரு புதிய வகுப்பைச் சேர்த்தான். அவ்வளவுதான். 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொறவர், எருகுலர் குறித்து மீனா ராதாகிருஷ்ணா செய்த ஆய்வு 2001இல் நூலாக வந்தது. அவர் காட்டுவது, மாடுகளின் முதுகில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்த வணிகர்களை. ரயில் வந்தது, அரசின் உப்புக் கொள்கை வந்தது, வணிகம் செத்தது. பிழைப்பைப் பறித்த அதே அரசு, பிழைப்பில்லாமல் அலைகிறவன் திருடுவான் என்று பதிவேட்டைத் திறந்தது. ஆந்திரத்தில் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளில் சால்வேஷன் ஆர்மியின் மேற்பார்வையில் அடைத்து வைத்தது. கேமில் என் ரோக்குக்கு நானே ஒரு முன்கதை வைத்துக்கொள்கிறேன். அனாதையாக வளர்ந்தவன், ஊரை ஏமாற்றுகிறவன், பிரபு வீட்டுப் பிள்ளை, எது வேண்டுமானாலும். உப்பு மூட்டையோடு நடந்த என் முன்னோர்களுக்கு முன்கதையைக் காவல் நிலையம் எழுதியது.

இந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். வீரஞ்செறிந்த நாள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தியாகிகளின் படத்தைப் போட்டு, அதே சுவரொட்டியில் 'ஆண்ட பரம்பரை' என்று அச்சிடும் தம்பிகளிடம் ஒன்று கேட்க வேண்டும். குற்றம் ரத்தத்தில் வராது என்றால் ஆட்சி மட்டும் எப்படி ரத்தத்தில் வரும்? பரம்பரை என்கிற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் மாற்றினால், சேரிக்காரனுக்கு என்ன வரும் என்பதை அந்தச் சுவரொட்டி ஒட்டிய ஊரின் தேநீர்க் கடைகளில் போய்ப் பாருங்கள்.

கேமில் திருடனாக இருப்பது ஏன் இன்பமாக இருக்கிறது? வெளியேற முடியும் என்பதால்தான். பல்டர்ஸ் கேட் 3இல் நம் முகாமில் விதர்ஸ் என்ற எலும்புக்கூடு போன்ற கிழவர் நிற்பார். 100 பொற்காசு கொடுத்தால் வகுப்பை மாற்றித் தருவார். காலையில் திருடன், மதியம் பாலடின். பிறந்த இனத்தை மட்டும் அவராலும் மாற்ற முடியாது (கிழவர் விவரமானவர்தான்). ஸ்கைரிமில் திருடும்போது பார்த்த சாட்சி இருந்தால்தான் தலைக்கு விலை வைப்பார்கள். பிக்பாக்கெட்டுக்கு 25 காசு. கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, காவலர் வணக்கம் சொல்லாத குறை. இங்கே என் ஊரில் நகை காணாமல் போனால், சாட்சி கிடைப்பதற்கு முன்பே ஜீப் வந்து நிற்கும் தெரு எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு, குறவர். நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி பார்வதியும், வழக்கறிஞராக இருந்த சந்துருவும், துணை நின்ற தோழர்களும் விடாமல் நடத்திய போராட்டத்தால்தான் அது கொலை என்று வெளியே வந்தது. 'ஜெய்பீம்' படம் பார்த்து அழுதவர்கள் பலர். படத்தில் குறவர் என்பது இருளர் என்று மாறியிருந்தது. அந்த மாற்றம் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அதைப் பிறகு பேசலாம். நான் சொல்ல வருவது வேறு. ராஜாக்கண்ணுவின் வகுப்பை ராஜாக்கண்ணு தேர்ந்தெடுக்கவில்லை. பூட்டுத் திறப்பதில் அவருக்கு ஐந்து புள்ளி கூடுதல் என்று ஓர் அட்டவணை அந்தக் காவலர்களின் தலைக்குள் இருந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், பிறப்பை வைத்து வகுப்பை மறுக்கும் விதிகளைக் கைவிட்டது. திருடன் என்ற வகுப்பின் பெயர் ரோக் ஆனதும் அதில்தான். 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் ரேஸ் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். பிறப்புக்குக் கொடுத்துவந்த திறன் புள்ளிகளைப் பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கைக்கு மாற்றினார்கள். உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. கேமில் அரசியலைத் திணிக்கிறார்கள், ஓர்க் என்றால் பலசாலி, ஹாபிட் என்றால் திருடன், அதுதான் யதார்த்தம் என்று. நெருப்புக் கக்கும் டிராகனை ஒப்புக்கொள்கிற இவர்களுக்கு நூலகத்தில் படிக்கும் ஓர்க் மட்டும் யதார்த்தத்துக்குப் புறம்பானவன். நம்மூர் இளைஞர்களும் இதே பாட்டைப் பாடுகிறார்கள். அவர்களில் பலர் இடஒதுக்கீடு என்றதும் தகுதி, திறமை என்று கொதிப்பவர்கள். பிறப்பு ஒன்றுமே இல்லை, திறமைதான் எல்லாம் என்பார்கள். கேமில் மட்டும் பிறப்புக்குப் புள்ளி வேண்டும். உண்மையில் இரண்டும் ஒரே கோரிக்கைதான். பிறப்புக்குக் கிடைத்த புள்ளியைத் திறமை என்று எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கேட்க யாரும் இருக்கக் கூடாது.

அதற்காக, புத்தகத்தில் சொல்லை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கும் தோழர்களோடும் நான் உடன்படவில்லை. சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947இலேயே நீக்கியது. நாடு முழுக்க நீங்கியது 1952இல். ஆனால் சென்னையில் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது, மற்ற மாகாணங்களும் தொடர்ந்தன. பிறப்பை எடுத்துவிட்டு முந்தைய வாழ்க்கையை வைத்தார்கள். அந்த முந்தைய வாழ்க்கையை எழுதுகிற பேனா அதே காவல் நிலையத்தில் இருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது: சிறையில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்துவதும் அரசமைப்புக்கு எதிரானது என்று. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு! பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஸ்கைரிம் சிறையில்கூடப் படுக்கும் இடத்தை என் இனத்தைக் கேட்டு ஒதுக்கமாட்டார்கள்.

ரோக்கை விட்டுவிடச் சொல்லி யாரும் எனக்கு யோசனை சொல்ல வேண்டாம். நல்ல வகுப்பு, தொடர்ந்து அதைத்தான் விளையாடப் போகிறேன். பக்கத்து அறைக்காரரும் விளையாடட்டும். அடுத்த முறை விடுதியில் யாருடைய கைப்பேசியாவது காணாமல் போகும்போது, எந்த அறைக் கதவை முதலில் தட்டத் தோன்றுகிறது என்பதை மட்டும் அவர் கவனித்துப் பார்த்துச் சொல்லட்டும். காத்திருக்கிறேன்.