சைவம் என்றால் கொலஸ்ட்ரால் வராதா?

"நான் சுத்த சைவம், எனக்கெல்லாம் கொலஸ்ட்ரால் வராது" என்று சொல்பவர்கள் தாம்பரம் பக்கம் நிறைய உண்டு. சொல்லிக்கொண்டே சாயங்காலம் இரண்டு பஜ்ஜி, ஒரு வடை!

தாவர உணவில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது சரிதான். ஆனால் நம் உடம்பில் உள்ளதில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. பாமாயில், வனஸ்பதி, நெய் மூன்றிலும் உள்ள பூரிதக் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லை ஏற்றிவிடும். மூன்றும் சைவச் சமையலறையில் இருப்பவைதானே?

அப்படியானால் எதைச் சாப்பிடலாம்? டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 46 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு மாதம் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவுக்கு ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால். கூடவே நம்ம வெண்டைக்காய், கத்தரிக்காய்! அவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 29 சதவீதம் குறைந்தது. லோவாஸ்டாடின் மாத்திரை எடுத்த பிரிவுக்குச் சுமார் 31.

வெண்டைக்காயின் கொழகொழப்பு, கரையும் நார்ச்சத்து. அது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்க, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த எண்ணெய், எவ்வளவு நார்ச்சத்து என்றும் கேட்க வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்குங்கள். எண்ணெயில் பொரிக்காமல் சாம்பாரில் போடுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடாதீர்கள்!